முதல் நாளில் எழுதப்படுவது: வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சமூகப் பணி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளான பெண்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர்களிடம் மீண்டும் மீண்டும் வந்து சேரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறோம். சிலவற்றை அந்தப் பெண்களே கேட்கிறார்கள். சிலவற்றை அவர்களுடைய அம்மாவோ அக்காவோ கேட்கிறார்கள், சிலவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் சமூகப் பணி படிக்கும் மாணவர்களும் கேட்கிறார்கள். எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பவற்றில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

அவர் என்னை அடித்ததே இல்லை. அப்படியிருந்தும் இதை வன்முறை என்று சொல்ல முடியுமா?

முடியும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல்ரீதியான வன்முறையோடு பாலியல் வன்முறையையும், சொல்லாலும் மனத்தளவிலும் இழைக்கப்படும் வன்முறையையும், பொருளாதார வன்முறையையும் அது ஒரே வரிசையில் வைக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் பலர் “அடிக்கல்லாம் மாட்டார் மேடம்” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கால்மணி நேரம் போன பிறகுதான் மற்றவை வெளியே வருகின்றன. சம்பளம் ஏறும் கணக்கின் ஏ.டி.எம். அட்டை கணவரிடம் இருக்கும். சீராகப் போட்ட நகை அடகுக் கடையில் மூழ்கிப் போயிருக்கும். அம்மாவோடு பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் இருக்கும். இவை ஒவ்வொன்றும் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுக்குள் வருகின்றன.

மனைவிக்கு மட்டுமே இந்தச் சட்டம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரே வீட்டில் வாழ்கிற, அல்லது முன்பு வாழ்ந்த மகள், தாய், சகோதரி, அண்ணி, திருமணம் செய்துகொள்ளாமல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறவர் ஆகிய அனைவரும் இதன்கீழ் மனுச் செய்யலாம். மனு ஆண் ஒருவர்மீது மட்டுமே இருக்க வேண்டும் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கிவிட்டதால், மாமியாரையோ நாத்தனாரையோ எதிர்மனுதாரராகச் சேர்ப்பதற்கும் தடையில்லை.

181ஐ அழைத்தால் உடனே வீட்டுக்குப் போலீஸ் வந்துவிடுமா?

நீங்கள் கேட்காமல் வராது. அது பெண்களுக்கான உதவி எண். பேசுகிறவர் முதலில் கேட்பது, இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா என்பதைத்தான். அந்த நொடியில் ஆபத்து இருந்தால் 112ஐ அழைப்பது விரைவானது. குழந்தைகள் தொடர்பானவற்றுக்கு 1098. அழைத்து முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணை நீக்கிவிடுங்கள். உங்கள் கைப்பேசியை வேறொருவர் எடுத்துப் பார்க்கிற வீடாக இருந்தால், நம்பிக்கையான பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைப்பது நல்லது.

ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போனால் முதல் நாளில் என்ன நடக்கும்?

‘சகி’ என்று பலகை மாட்டியிருக்கும் இந்த மையங்கள், நிர்பயா நிதியிலிருந்து 2015 ஏப்ரல் 1 முதல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் இயங்குகின்றன. மருத்துவ உதவி, காவல்துறை உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தங்குவதற்குப் பொதுவாக ஐந்து நாள் வரை இடம் உண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால் நீண்டகால இல்லங்களுக்கு அனுப்பிவைப்பார்கள்.

திட்ட ஆவணம் சொல்வது அது. நடப்பது இப்படி இருக்கும். காலை பத்தரை மணி வாக்கில் ஒரு பெண் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு துணிக்கடைக் கட்டைப்பையுமாக வாசலில் நிற்பார். இலவசப் பேருந்தில் வந்திருப்பார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் பயணச்சீட்டுக்குப் பணம் தர வேண்டியதில்லை என்றானதை, போக்குவரத்துச் சலுகையாகவே பலர் பேசுகிறார்கள். எங்கள் அனுபவத்தில், யாரிடமும் பணம் கேட்காமல் வீட்டைவிட்டு வெளியே வந்து உதவி கேட்பதற்கான வழியாகவும் அது இருந்திருக்கிறது. உள்ளே வந்தவரிடம் உடனே படிவத்தை நீட்டுவதில்லை. குழந்தை சாப்பிட்டதா என்று கேட்போம், தண்ணீர் கொடுப்போம், கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்போம். பூட்டிய அறைகளில் வாழ்ந்து வந்த ஒருவருக்குச் சாத்திய கதவு எப்போதும் பாதுகாப்பாகத் தோன்றுவதில்லை.

அதன் பிறகு அவருடைய கைப்பேசி. இருப்பிடத்தைப் பகிரும் வசதி அதில் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று அவர் கையாலேயே பார்க்கச் சொல்வோம். மையத்துக்கு வந்த இருபது நிமிடத்தில் கணவரும் வாசலுக்கு வந்து நின்ற ஒரு நாளுக்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட பழக்கம் இது. அடுத்த கேள்வி, “இன்று இரவு எங்கே படுப்பீர்கள்?” என்பது. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மற்ற எதையும் கேட்பதில் பொருள் இருக்கிறது.

எழுதுவது கடைசியில்தான். அவர் சொன்ன சொற்களிலேயே, தேதியோடும் இடத்தோடும் எழுத வேண்டும். “கணவர் கொடுமைப்படுத்தினார்” என்ற ஒற்றை வரிக்கு நீதிமன்றத்தில் எடை இல்லை. “ஆடி பதினெட்டு அன்று இரவு, சாதம் குழைந்துவிட்டது என்று கரண்டியால் இடது தோளில் அடித்தார், மறுநாள் வேலைக்குப் போகவில்லை” என்ற வரி, இரண்டு ஆண்டு கழிந்து குறுக்கு விசாரணை வரும்போதும் நிற்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலத் தேதி நினைவில் இருப்பதில்லை. திருவிழா, பரீட்சை, ரேஷனில் பொங்கல் தொகுப்பு வாங்கிய வாரம் என்று அவர்கள் சொல்கிற கணக்கையே பிடித்துக்கொண்டு நாள்காட்டியைப் புரட்டினால் தேதி கிடைத்துவிடும். இந்தத் தொழிலின் கைத்திறனில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது என்று சொல்வேன்.

சமூகப் பணியாளர்கள் ஏன் “அந்த ஆளை விட்டு வந்துவிடுங்கள்” என்று நேராகச் சொல்வதில்லை?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் தங்கைகள். அவர்களுடைய கோபம் நியாயமானது.

எத்தனையோ ஆண்டுகளாக என்ன உடுத்த வேண்டும், யாரோடு பேச வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்பதையெல்லாம் இன்னொருவர் முடிவு செய்துவந்த வாழ்க்கையிலிருந்து ஒருவர் எங்கள் முன்னால் வந்து உட்காருகிறார். அவருக்கு அடுத்த உத்தரவை நாங்கள் போட்டோமென்றால், உத்தரவிடுகிற ஆள் மாறியிருக்கிறாரே தவிர அவருடைய நிலை மாறவில்லை. இது ஒரு காரணம். இதைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு. பிரிந்து போகிறேன் என்று சொல்கிற நேரமும், பிரிந்து வந்த முதல் சில வாரங்களுமே மிக ஆபத்தானவை. கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று தெரிந்ததும் வன்முறை கூடுகிறது. ஆயத்தமில்லாமல் “இன்றே வந்துவிடு” என்று சொல்லி, அந்த இரவு நடப்பதற்கு எந்த ஏற்பாடும் செய்யாமல் இருப்பது எங்கள் மனச்சாட்சிக்கு ஆறுதல் தரலாம். அவர் உயிருக்கு அது கேடாக முடியக்கூடும்.

ஆகவே பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றை அவரோடு உட்கார்ந்து வகுக்கிறோம். சண்டை தொடங்கினால் சமையலறையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், ஏனென்றால் கத்தியும் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் அங்கேதான் இருக்கின்றன. ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தன்னுடைய படிப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை அம்மா வீட்டிலோ தோழி வீட்டிலோ கொடுத்துவைக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்து, அதைக் கேட்டதும் எதிர்வீட்டுக்கு ஓடிப் போகப் பழக்க வேண்டும். இருப்பதா பிரிவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எந்த முடிவை எடுத்தாலும் உயிரோடு இருப்பதற்கான ஏற்பாடு இருக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் “பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டபோது, பெண்கள் கூச்சமின்றிப் புகார் கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. அதே இடம் காலப்போக்கில் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் மன்றமாகவும் மாறிப்போனது. அங்கே நடக்கும் பேச்சுவார்த்தைகளில் பாதி, இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் இருக்க, அந்தப் பெண் மட்டும் தலைகுனிந்து நிற்க, “இனிமேல் அடிக்க மாட்டேன்” என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு முடிகிறது. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பு கிடையாது. மறுபடி அடி விழுந்தால் முன்பே ஒப்புக்கொண்டார் என்று காட்ட உதவும் என்பதால், அதன் நகலையாவது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறோம்.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது மனு ஏற்கப்பட்டதற்கான அத்தாட்சி மட்டுமே; முதல் தகவல் அறிக்கை வேறு. கணவன் மனைவித் தகராறுகளில் வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்திக்கொள்ள லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருப்பதால், சி.எஸ்.ஆரோடு நிற்பது உடனே சட்டவிரோதம் ஆகிவிடாது. ஆனால் பாலியல் வன்கொடுமைப் புகாருக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதில் முதல் தகவல் அறிக்கை பதிந்தாக வேண்டும், பெண் அதிகாரி ஒருவரே வாக்குமூலத்தை எழுத வேண்டும், பதிய மறுக்கும் அதிகாரிக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனை உண்டு. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், அருகில் உள்ள நிலையத்திலேயே பதிவு செய்துகொண்டு பிறகு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். “எங்க லிமிட் இல்லம்மா” என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. பதிந்த அறிக்கையின் நகல் கட்டணமில்லாமல் உங்களுக்குத் தரப்பட வேண்டும்.

சமரசம் என்ற சொல்லைச் சமூகப் பணியாளர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணே விரும்பிக் கேட்கும் சமரசம் இருக்கிறது, அதற்கு உதவுகிறோம். இருவரையும் எதிரெதிரே உட்காரவைப்பதற்கு முன், தனித்தனியாகப் பேசி, அவர் அச்சமின்றி வாய்திறக்க முடியுமா என்று உறுதி செய்துகொள்வது குறைந்தபட்ச நாகரிகம்.

அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும்?

நடந்ததைச் சொல்ல வேண்டும். இதை இவ்வளவு எளிதாக எழுதிவிட முடிகிறது, சொல்வதுதான் கடினம். ஏனென்றால் மருத்துவமனைக்கு அழைத்து வருகிறவர் பெரும்பாலும் அடித்தவரேதான்.

அவசரப் பிரிவில் ‘ஏ.ஆர்.’ என்று சொல்லப்படும் விபத்துப் பதிவேடு ஒன்று இருக்கும். காயம் எப்படி ஏற்பட்டது என்று அதில் ஒரு வரி எழுதப்படும். “பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது” என்று எழுதப்பட்டால், பிறகு எத்தனை சாட்சி வந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிப் பிடிப்பார். “வீட்டில், தெரிந்த நபர் ஒருவரால் கட்டையால் தாக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது” என்று இருந்தால், பெயரே இல்லாவிட்டாலும் அந்த வரி அவருக்குத் துணையாக நிற்கும். அதனால்தான் மருத்துவமனைக்குள் சமூகப் பணியாளர் இருக்க வேண்டும் என்கிறோம். அழைத்து வந்தவரை “சீட்டு போட்டுட்டு வாங்க”, “மருந்து வாங்கிட்டு வாங்க” என்று வெளியே அனுப்பிவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தில் பெண்ணிடம் தனியாகப் பேச ஓர் ஆள் தேவைப்படுகிறார். மும்பை பாந்த்ராவில் உள்ள பாபா மருத்துவமனையில் 2000இல் தொடங்கப்பட்ட ‘திலாசா’ மையம், பொது மருத்துவமனைக்குள்ளேயே இந்த வேலையைச் செய்து காட்டிய முன்னோடி. அதற்கும் முன்னால், 1984இல், டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் மும்பைக் காவல்துறை வளாகத்துக்குள் சமூகப் பணியாளர்களை உட்காரவைத்தது.

தீக்காயப் பிரிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு தீக்காயப்பட்ட பெண்களோடு நீண்டகாலமாக வேலை செய்துவருகிறது. “ஸ்டவ் வெடித்துவிட்டது” என்ற வாசகம் அத்தகைய பிரிவுகளில் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்கும் ஒன்று. எரிவாயு அடுப்பு வந்த வீடுகளிலும் ஸ்டவ் வெடித்துக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொன்னால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கணக்கு அந்த வாசகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் படுக்கையருகே உட்காருகிறவருக்கு, பிள்ளைகள் இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்வதுதான் முதல் வேலை. வாக்குமூலம் அதற்குப் பிறகுதான்.

பாலியல் வன்முறை நடந்திருக்கிறது. முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியவை எவை?

மருத்துவமனைக்குப் போவது. புகார் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்த பிறகுதான் போக வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியையும் சிகிச்சையையும் உடனே, கட்டணமில்லாமல் தர வேண்டியது சட்டப்படியான கடமை, மறுப்பது குற்றம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் எவ்வளவு விரைவில் எடுக்கப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். முடிந்தால் குளிக்காமலும் உடையை மாற்றாமலும் போவது நல்லது. மாற்றியிருந்தால் பழைய உடையைக் காகிதப் பையில் வைத்து எடுத்துப்போக வேண்டும். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிச் சான்று கெட்டுவிடும். குளித்துவிட்டீர்கள் என்பதாலோ இரண்டு நாள் ஆகிவிட்டது என்பதாலோ போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உங்கள் சம்மதம் வேண்டும். சிகிச்சையை ஏற்றுக்கொண்டு, சான்று சேகரிப்பதை மறுக்கலாம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும். ஆனால் வயது வந்த ஒருவர், இப்போது புகார் கொடுக்க விரும்பவில்லை என்று சொன்னால், அது எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதே ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் நிலைப்பாடு. பெண்ணுறுப்புக்குள் விரலை விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை என்ற இழிவு எந்தக் காரணத்துக்காகவும் செய்யப்படக் கூடாது. அதை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. 2022 அக்டோபரில், அதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று சொன்னது.

இந்த நேரத்தில் சமூகப் பணியாளரின் வேலை பெரும்பாலும் பேசுவது இல்லை. மாற்றுடை கொண்டுவருவது, மருத்துவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்வது, நடந்ததை நான்கு பேரிடம் நான்கு முறை சொல்லவைக்காமல் பார்த்துக்கொள்வது. “ஏன் அந்த நேரத்தில் அங்கே போனீர்கள்?” என்ற கேள்வியை யாராவது கேட்கத் தொடங்கினால் நடுவில் குறுக்கிடுவதும் இதில் சேரும்.

கணவரே கட்டாயப்படுத்தினால் அது குற்றமா?

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோதும், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மனைவியோடு கணவர் கொள்ளும் உறவைப் பாலியல் வன்கொடுமை என்ற வரையறையிலிருந்து விலக்கும் பழைய விதிவிலக்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. இது எங்களுக்கு உடன்பாடில்லாத சட்டம். ஆனாலும் வழியே இல்லை என்று எந்தப் பெண்ணையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாலியல் வன்முறை தெளிவாகச் சேர்க்கப்பட்டிருப்பதால் அதன்கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு பெறலாம்; பாரதிய நியாய சன்ஹிதாவில் கொடுமைப்படுத்துதலுக்கான 85ஆம் பிரிவின்கீழ்ப் புகார் கொடுக்கலாம். கணவரின் கட்டாயத்தால் கருவுற்றவரும், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, வன்கொடுமைக்கு ஆளானவராகவே கருதப்பட்டு 24 வாரம் வரை கருவைக் கலைக்கலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர். “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்கிறார். என்ன செய்வது?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012இன்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. ஆகவே ரகசியம் காப்பேன் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டு மீறுவது, நடந்தவற்றோடு இன்னொரு துரோகத்தையும் சேர்க்கிறது. குழந்தை பேசத் தொடங்கும்போதே, “நீ சொல்றதில் சிலதை நான் வேறொருத்தரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அது யார்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பேசாமல் போய்விடுவார்களோ என்று புதிய பணியாளர்கள் அஞ்சுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலான பிள்ளைகள் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பேசவே செய்கிறார்கள்.

குழந்தைகள் நலக் குழு ஒரு துணை நபரை நியமிக்கலாம். விசாரணை முடியும்வரை கூடவே இருக்க வேண்டியவர் அவர். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை நேருக்கு நேர் பார்க்க நேரக் கூடாது, வழக்கறிஞர்களின் கேள்விகள் நீதிபதியின் வழியாகவே குழந்தையிடம் கேட்கப்பட வேண்டும் என்பவை அந்தச் சட்டம் தரும் உரிமைகள். நீதிமன்றத்துக்கு முந்தைய நாளே குழந்தையைக் கூட்டிப்போய் வெறும் அறையைக் காட்டி, யார் எங்கே உட்காருவார்கள், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று சொல்லிவைப்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத ஒன்று. சாட்சிக் கூண்டில் அது தரும் தைரியத்தை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

பாதுகாப்பு அலுவலர் என்பவர் யார்? வழக்கறிஞர் இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா?

முடியும். மாவட்ட சமூக நலத்துறையில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், நடந்தவற்றைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டியவர். மனுவைத் தயாரிப்பதிலும் அவர் உதவுவார். அடிக்கக் கூடாது, வேலையிடத்துக்கு வரக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் குடியிருக்கும் உரிமை, மாதச் செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்வது, இழப்பீடு ஆகியவற்றை ஒரே மனுவில் கேட்கலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் இலக்கு வைத்திருக்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் நீளும் என்பதை மனுக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுகிறோம். வழக்கறிஞர் வேண்டுமென்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தப் பெண்ணுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை நியமிக்க வேண்டும். தொலைபேசி எண் 15100. பாலியல் வன்கொடுமைக்கான இழப்பீட்டுக்கும் அதே ஆணைக்குழுவிடம்தான் மனுச் செய்ய வேண்டும்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. என்னை வெளியே போகச் சொல்ல முடியுமா?

அவர் பெயரில் இருப்பது ஒன்றே போதுமான காரணம் ஆகாது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும், அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழும் இல்லம்தான் என்று 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இது குடியிருக்கும் உரிமை. சொத்தில் பங்கு கேட்கும் உரிமை வேறு.

பெயர் வெளியே வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பெயரைச் சொல்லாமல் ஊர், கல்லூரி, தந்தையின் தொழில் ஆகியவற்றைச் சொல்லி ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அதில் அடங்கும். இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. பொள்ளாச்சி வழக்கு 2019இல் வெளிவந்தபோது, காக்க வேண்டியவர்களிடமிருந்தே அடையாளம் கசிந்தது. மற்ற பெண்கள் புகார் கொடுக்கத் தயங்கினார்கள். ஆனாலும் அதே வழக்கில் எட்டுப் பெண்கள் கடைசிவரை நின்றார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனையும், அந்தப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கியது. அவர்களுடைய பெயர் இன்றுவரை நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஒரு பெண் காவல் நிலையத்தில் மனுதாரர், மருத்துவமனையில் கேஸ், நீதிமன்றத்தில் அ.சா. 1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் சில வேளை சமூகப் பணியாளராகத்தான் இருப்பார். அந்தப் பெயரைப் பேருந்து நிலையத்தில் சத்தமாகக் கூப்பிடாமல் இருக்கவும் அவர் கற்றிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. நான் தலையிடலாமா?

அந்த நேரத்தில் கதவைத் தட்டி, “கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?” என்று கேட்டாலே பல சமயம் ஓங்கிய கை இறங்கிவிடும். நேரடியாக நியாயம் கேட்கப் போனால், நீங்கள் திரும்பிய பிறகு அதற்கும் சேர்த்து அவருக்கு அடி விழக்கூடும். பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்த தகவலுக்காக உங்கள்மீது வழக்கு வராது என்று சட்டமே சொல்கிறது. பிறகு அந்தப் பெண் தனியாக இருக்கும்போது, “எந்த நேரமானாலும் எங்க வீட்டுக் கதவைத் தட்டலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்களோ 14 விழுக்காடுதான். தேடியவர்களும் பெரும்பாலும் போனது சொந்தக் குடும்பத்திடமே.

ஆண்களும் திருநரும் உதவி கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் சட்டம் இங்கே குறைபட்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெண்கள் மட்டுமே மனுச் செய்யலாம். பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு இணையான எதுவும் புதிய சட்டத்தில் இல்லாததால், வயது வந்த ஆண்மீது நடக்கும் பாலியல் வன்முறையைத் தனிக் குற்றமாகப் பதிய வழியில்லாமல் போயிருக்கிறது. சிறுவர்களுக்குப் போக்சோ பொருந்தும். திருநருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இயற்றப்பட்டபோது அதில் இருந்த தண்டனை இரண்டு ஆண்டுக்கு மேல் போகவில்லை.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்? இதைத் தாங்க முடியுமா?

சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் வழக்கமான வழி. 1952இல் தொடங்கப்பட்ட சென்னை சமூகப் பணிக் கல்லூரி போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. உளவியலோ சட்டமோ படித்தவர்களும் வருகிறார்கள். பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையிலானவை, சம்பளம் குறைவு, இரவுப் பணி உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

தாங்குவதைப் பற்றி: கேட்ட கதைகள் வீடுவரை கூடவே வரும். என் முதல் ஆண்டில், பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மூத்த பணியாளர் ஒருவரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து, எங்கே தடுமாறினேன் என்று பேசுவது எனக்கு உதவியது. அத்தகைய ஏற்பாடு இல்லாத மையத்தில் வேலை கிடைத்தால், அதைக் கேட்டுப் பெறுங்கள்.

அவர் திரும்பவும் அதே வீட்டுக்குப் போய்விட்டார். கோப்பை மூடிவிடலாமா?

கூடாது. திரும்பிப் போவது தோல்வியும் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை. பிள்ளைகளின் பள்ளி, கணவரின் கெஞ்சல், அம்மா வீட்டில் தம்பிக்குக் கல்யாணம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். போகும்போது எங்கள் எண்ணை அவருடைய கைப்பேசியில் தையல்காரர் பெயரிலோ காய்கறிக்காரர் பெயரிலோ பதிந்து அனுப்புகிறோம். நாங்களாக அழைப்பதில்லை. எந்த நாளில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் மட்டும் அழைக்கிறோம். எடுப்பது அவர் இல்லையென்றால், ரவிக்கை தைத்தாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிடுகிறோம்.

ஒருவர் மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பிப் போனார். நான்காவது முறை வந்தபோது கட்டைப்பை இல்லை. மகளின் புத்தகப் பைக்குள், கணக்கு நோட்டுக்கும் சமூக அறிவியல் புத்தகத்துக்கும் நடுவே வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், பழைய ஏ.ஆர். நகல் எல்லாம் வரிசையாக இருந்தன. அலமாரியிலிருந்து அவருடைய கோப்பை எடுத்து, முதல் நாளில் எழுதியதன் கீழே அன்றைய தேதியைப் போட்டோம். “எதிலிருந்து சொல்லட்டும் மேடம்?” என்று கேட்டுவிட்டு, அவரே போன முறை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.